முதுகு ஒப்புதல் பத்திரம்

ஆகஸ்ட் 6, புதன்

ஊசி போடப் போகிறோம் என்று சொல்லி என்னை அறுவை சிகிச்சைக்குக் கூட்டிப் போனார்கள். சொன்னவன் என் மகன் திருமலைக்குமார். உடந்தை என் மனைவி உலகம்மாள். இடம் திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி. இதை முதலில் எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் வந்து, நீங்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று திருத்தக் கூடாது.

நான் ஆவுடையப்பன், வயது எழுபத்தொன்று. தென்காசி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு நாற்பத்து நான்கு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். மற்றதெல்லாம் பழைய பத்திரங்களைப் படித்து நானே கற்றது. என் கையால் எழுதிய ஒரு பத்திரம்கூட, எழுதிக்கொடுப்பவருக்கு முழுதும் படித்துக் காட்டாமல் பதிவுக்குப் போனதில்லை. காது கேளாதவர்களுக்குக் கத்திப் படித்திருக்கிறேன். ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் அந்தக் குடும்பத்து நிலத்தின் நான்கெல்லை மனப்பாடமாகியிருக்கிறது. ஆகட்டும். கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வருடமாக எனக்கு இடுப்பிலிருந்து இடது கால் வழியாகக் கீழே இறங்கும் ஒரு வலி. கரண்டு கம்பியை உள்ளே விட்டு இழுப்பது போல. ஜூலையில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் எப்சிபா என்று ஒரு அம்மாள், தண்டுவட நிபுணர். என்னைப் படுக்க வைத்துக் காலை அப்படித் தூக்கு, இப்படி மடக்கு என்றார். எல்லாவற்றுக்கும் “வலிக்குது” என்றேன். பிறகு என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு “கூட வந்தவங்க யாரு, உள்ள வாங்க” என்று குமாரைக் கூப்பிட்டார்கள். முதுகு என்னுடையது, பேச்சுவார்த்தை அவனோடு. வெளியே வந்தவன் சொன்னான்: “ஒரு ஊசிதாம்ப்பா. போட்டா சரியாப் போயிரும்.”

இன்று காலை வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். எதற்கு என்றால் சர்க்கரை பார்க்க என்றாள் உலகம்மாள். நாற்பத்தாறு வருடக் குடித்தனம். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள்.

அங்கே ஒரு நர்ஸ் வந்து, பின்பக்கம் முழுக்கத் திறந்த ஒரு பச்சைச் சட்டையைக் கொடுத்து, “ஐயா, பல்செட்டு இருந்தா கழட்டிருங்க” என்றார்.

“ஊசிக்கு எதுக்கும்மா பல்லக் கழட்டணும்?”

“என்ன ஊசி? உங்களுக்கு தண்டுவட ஆபரேஷன்லா? ஒம்பதரைக்கு தியேட்டரு.”

குமாரைப் பார்த்தேன். அவன் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தான். அவன் அம்மா குமாரைப் பார்த்தாள்.

படிவத்தைக் கேட்டு வாங்கினேன். நான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலம். கடைசியில் இரண்டு கோடுகள். ஒன்று நோயாளிக்கு, காலியாக இருந்தது. இன்னொன்று பாதுகாவலருக்கு. அதில் குமாரின் கையெழுத்து, அடியில் கோடு இழுத்து இரண்டு புள்ளி வைத்து அழகாக. மைனருக்குத்தான் பாதுகாவலர் கையெழுத்துப் போடுவார். பெற்ற மகனே என்னை எழுபத்தொரு வயதில் மைனராக்கிவிட்டான்.

வேட்டியை அந்தச் சட்டைக்கு மேலேயே கட்டிக்கொண்டு, துண்டை முதுகில் போட்டு மறைத்து, லிப்டில் இறங்கிப் புது பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன். ஆலங்குளம் வரை நின்றுகொண்டு வந்தேன். உட்கார்ந்தால் வலி. எழுந்து இடம் கொடுத்த ஒரு பெண்ணிடம் வேண்டாம் என்றேன். அவள் என் சட்டையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆடி மாதத்தில் பத்திரம் பதிய யாரும் வரமாட்டார்கள், எனக்கு வேலை இருக்காது. அதைக் கணக்குப் பண்ணித்தான் நாள் குறித்திருக்கிறார்கள். நாளைப் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

உலகம்மாளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. நாலு மணிக்கு டீ வைத்தாள். குடித்தேன். குடித்ததைச் சமாதானம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகஸ்ட் 9, சனி

குமார் வந்தான். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர், திருநெல்வேலியில் சொந்த வீடு, பேச்சில் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்துப் பையன்.

“எப்பா, ஆபரேஷன்னு சொல்லியிருந்தா வந்திருப்பியளா?”

“வந்திருக்க மாட்டேன்.”

“அதான் சொல்லல.”

“எங்கப்பா வீட்ட விக்க மாட்டாரு, அதனால வாடகை ஒப்பந்தம்னு சொல்லிக் கையெழுத்து வாங்கணும்னு ஒருத்தன் எம் மேசைக்கு வந்தா நான் என்ன சொல்லுவேன் தெரியுமா?”

“வெளிய போலேன்னு சொல்லுவிய. ஆயிரம் தடவ கேட்டாச்சு.”

“வெளிய போலே.”

போனான். அடுக்களைக்கு. அடை சாப்பிடும் சத்தம் கேட்டது.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து கதவோரம் நின்றான். “டாக்டரம்மா தள்ளிப் போடக் கூடாதுன்னு சொன்னாவப்பா.”

“ஏன்?”

என் காலைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். “சும்மா, வலி கூடிரும்லா” என்றான்.

போகும்போது பழைய பாட்டையும் பாடிவிட்டுத்தான் போனான். மேசையைப் பக்கத்து மேசைக்கார மைதீன் மாமாவிடம் கொடுத்துவிட்டு நானும் உலகம்மாளும் அவன் வீட்டுக்கு வந்துவிட வேண்டுமாம். மாடி அறை காலியாக இருக்கிறதாம். நடக்க முடியாமல் போன ஒரு நாள் என்னைத் தூக்கி அந்த மாடியில் வைப்பான். கீழே இறங்குவதற்கு அவன் ஆபீஸ் விட்டு வர வேண்டும். என் மேசை இருக்கும் வரைக்கும் நான் ஆவுடையப்பன். அந்த மாடிக்குப் போனால் குமாரோட அப்பா. இது நடக்காது.

ஆகஸ்ட் 11, திங்கள்

பஜாரில் செருப்பு வாங்கினேன். இந்த வருடம் மூன்றாவது ஜோடி. நடக்கும்போது இடது செருப்பு மட்டும் கழன்று பின்னால் கிடக்கிறது. இப்போது செருப்புச் செய்பவர்களுக்கு இடது கால் அளவே தெரிவதில்லை. கடைக்காரர், “பின்னாடி வார் வச்சது தரட்டுமாய்யா, கழலாது” என்றார். அது சின்னப் பிள்ளைகள் போடுவது. சாதாரணச் செருப்பே வாங்கினேன்.

வாசலில் கால் துடைக்கும் மிதியடியைக் காணவில்லை. பின்கட்டு மிதியடியையும் காணவில்லை. கேட்டால் துவைக்கப் போட்டிருக்கிறேன் என்கிறாள். இரண்டு மாதமாகத் துவைக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த வண்ணக் காகிதத்தை இன்று முழுதும் படித்தேன். சனிக்கிழமை வந்தபோது குமாரின் பையிலிருந்து எடுத்தது. ‘நுண்துளை முதுகுத்தண்டு சிகிச்சை, நோயாளிகள் எதிர்பார்க்கக்கூடியவை.’ ஒரு செண்டிமீட்டருக்கும் குறைவான துளை, குறைந்த ரத்தப்போக்கு, அன்றே நடக்கலாம், மறுநாள் வீட்டுக்குப் போகலாம், விரைவில் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பலாம். எல்லாம் ‘லாம்’. பத்திரத்தில் நான் இப்படி எழுதியிருந்தால் சார்பதிவாளர் மூஞ்சியில் எறிந்திருப்பார். கிரயம் கொடுக்கலாம், வாங்கலாம் என்றா எழுதுவது? படத்தில் ஒரு கிழவர் கடற்கரையில் ஓடுகிறார். அவர் முதுகைப் பார்த்தால் ஒரு நாளும் ஆஸ்பத்திரிப் பக்கம் போனவர் மாதிரி இல்லை.

பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கிருமித் தொற்று வரலாம். நரம்பு உறையில் கிழிசல் ஏற்படலாம். தேவைப்பட்டால் பெரிய அறுவையாக மாற்ற நேரலாம். வட்டு மறுபடியும் பிதுங்கலாம். இந்த ‘லாம்’களை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

மேசைக்குப் போனேன். ஆடியானாலும் மேசை மேசைதான். பக்கத்து மேசை மைதீன் பிச்சை முப்பது வருடப் பழக்கம். என் கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்பார், நான் அவர் எழுத்தில் பிழை கண்டுபிடிப்பேன், அப்படி ஒரு சிநேகம்.

“எம் மச்சானுக்கு இருவது வருசத்துக்கு முந்தி முதுகத் தொறந்தாங்கவே” என்றார். “இந்தா நீளம். மூணு மாசம் படுக்கையில கெடந்தான். இப்ப பேனா தண்டிக்கு ஒரு குழாய உட்டு, கேமராவுல பாத்துக்கிட்டே பிதுங்குனத மட்டும் பிச்சு எடுத்துருதாங்களாம். பேசாமப் போயி செஞ்சுட்டு வாரும்.”

“எங்கிட்ட யாரு கேட்டா?”

“சரிவே, யாரும் கேக்கல. உமக்குக் காலுக்கு என்ன? இழுத்துக்கிட்டே வாறீரு.”

“செருப்பு புதுசு.”

“செருப்ப நீரு கையிலல்லா வச்சிருக்கீரு.”

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றத்துக்குப் போகவில்லை. பள்ளிக்கூட வாசல் படி உயரம்.

ஆகஸ்ட் 16, சனி

குளியலறை வாசலில் விழுந்தேன். விழுந்தேன் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் வேகமாக உட்கார்ந்தேன். உலகம்மாள் ஓடி வந்து கைத்தாங்கலாகத் தூக்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குப் பேச வராத விஷயம் என்று ஒன்று இருப்பது இன்றுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது, கூட்டம். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. இரும்பு பீரோவின் மேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதினேன்.

பதினொரு மணிக்கு ஒருவன் தன் அம்மாவோடு வந்தான். மகனுக்கு அம்மா எழுதிக்கொடுக்கும் தானசெட்டில்மெண்ட். அவசரத்தில் இருந்தான். “படிக்க வேண்டாங்கய்யா, அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.” அம்மாவைப் பார்த்தேன். அவர் என் மேசையிலிருந்த பசை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தேன், சத்தமாக. நான்கெல்லைக்கு வந்ததும் அந்த அம்மாள் நிமிர்ந்தார்.

“வடக்க இருக்க கெணறும் இதுல போயிருதா?”

“போயிரும்மா.”

“அது எனக்கு வேணும்.”

கையெழுத்துப் போடவில்லை. மகன் என்னை முறைத்துவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். படி இறங்கும்போது அந்த அம்மாளின் நடை, ஏறும்போது இருந்ததைவிட நன்றாக இருந்தது.

அப்போதுதான் தீர்மானித்தேன். என் முதுகுக்கு நானே பத்திரம் எழுதுவேன். எழுதி, அந்த டாக்டரிடம் படித்துக் காட்டி, எனக்குச் சரி என்று பட்டால் நானே கையெழுத்துப் போடுவேன். படாவிட்டால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எழுதி முடித்தேன். முகப்பை இங்கேயும் பெயர்த்தெழுதி வைக்கிறேன்.

‘தென்காசி, மேலமாசி வீதி, கதவு எண் பதினேழில் வசிக்கும், காலஞ்சென்ற குற்றாலலிங்கம் அவர்களின் குமாரர் ஆவுடையப்பன் ஆகிய நான், டாக்டர் எப்சிபா அவர்களுக்கு எழுதிக்கொடுத்த முதுகு ஒப்புதல் பத்திரம் என்னவென்றால்: கீழ்க்கண்ட முதுகானது எனக்குப் பிறப்பால் பாத்தியப்பட்டு, நாளது தேதி வரை என் ஏக அனுபவத்தில் இருந்து வருகிறது. இதில் என் குமாரருக்கோ மனைவிக்கோ யாதொரு உரிமையும் இல்லை. மேற்படி முதுகில் நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கு இடையே பிதுங்கியுள்ள வட்டை மட்டும் அகற்றத் தங்களுக்கு அனுமதி அளிக்கிறேன். நான்கெல்லை: வடக்கே மூன்றாம் எலும்பு, தெற்கே இடுப்புக்கூடு, மேற்கே வயிறு, கிழக்கே தோல். மேற்படி எல்லைக்குள் தவிர வேறெங்கும் கை வைக்கக் கூடாது. மேற்படி உடம்பில் வலி தவிர வேறு யாதொரு வில்லங்கமும் இல்லை என உறுதி கூறுகிறேன்.’

பதினொரு ஷரத்துகள். சாட்சிகள் மைதீன் பிச்சை, உலகம்மாள். கையெழுத்துப் போடும்போது உலகம்மாள் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தாள். எடுத்துவிட்டாள். போட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

“பேஷண்ட் பேரு சொல்லுங்க.”

“ஆவுடையப்பன்.”

“நீங்க அவருக்கு என்ன வேணும் சார்?”

“நாந்தாம்மா அவரு.”

“கூட யாரு வருவாங்க?”

“எம் முதுகு வரும்.”

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நேரம் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

உலகம்மாள் வருவேன் என்று பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் குமார் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு யார் சொன்னது என்று நான் விசாரிக்கவில்லை. இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அந்த ஒரு நிமிடம் நன்றாக இருந்தது.

டாக்டர் எப்சிபாவுக்கு நாற்பது வயது இருக்கும். பத்திரத்தை வாங்கி மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படித்தார். காகிதம் பறக்கக் கூடாது என்று விசிறியை நிறுத்துகிற ஆளை எனக்குப் பிடிக்கும், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. நான்கெல்லையில் சிரித்தார்.

“நீங்க குப்புறப் படுக்கும்போது கெழக்கு மேலல்லா வருது?”

“ஆமா. தோல் வழியாத்தான் உள்ள போவீங்க. வாசல் கெழக்கு.”

“சரி, வாசல் கெழக்கு” என்றார்.

ஷரத்து ஷரத்தாகக் கேட்டேன். மயக்கம் கொடுப்பார்களா? முழு மயக்கம் இல்லை, போகும் வழியை மட்டும் மரக்க வைத்து, கொஞ்சம் தூக்க மருந்து. கேட்டால் பதில் சொல்லும் நிலையில் இருப்பேன். நரம்புக்குப் பக்கத்தில் போகும்போது நான் சொல்ல வேண்டும் என்பதற்காக. எவ்வளவு நேரம்? ஒரு மணி, ஒன்றேகால். எப்போது எழுந்திருப்பேன்? சாயங்காலம். எப்போது மேசைக்கு? ஆறு வாரம். குனிவது, தூக்குவது, இடுப்பைத் திருப்புவது மூன்றும் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். மறுபடி பிதுங்குமா? “நூறு பேர்ல அஞ்சாறு பேருக்கு ஆகுது. நீங்க அந்த அஞ்சுல வரமாட்டீங்கன்னு நான் எழுதித் தர முடியாது.” அந்தக் காகிதத்தில் இருந்த ‘லாம்’ ஒன்றுகூட அவர் வாயில் வரவில்லை. பேனாவைத் திறந்தேன்.

“இருங்கய்யா” என்றார். “இதுல நான் கையெழுத்துப் போட முடியாது.”

“ஏன்?”

“பொய் எழுதியிருக்கீங்க.”

நாற்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ சார்பதிவாளர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஒருவர்கூட என் பத்திரத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன்.

“எந்திச்சுட்டீங்கல்லா, நல்லதாப் போச்சு. செருப்பக் கழட்டிட்டு, குதிகால் மட்டும் தரையில படுற மாதிரி அந்தச் செவர் வரைக்கும் நடங்க.”

வலது கால் நின்றது. இடது கால் சோற்றுக் கரண்டியைக் கீழே போட்டது போலப் பட்டென்று தரையில் விழுந்தது. மறுபடி தூக்கினேன். மறுபடி பட்டென்றது. அறை சின்னது. சத்தம் பெரிதாகக் கேட்டது.

“கட்டை விரலத் தூக்குங்க.”

பார்த்துக்கொண்டே இருந்தேன். விரலும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

“எவ்வளவு நாளா?”

“ஒரு மாசம்.”

அவர் தன் ஜூலைக் குறிப்பைப் புரட்டினார்.

“பொங்கல்லருந்து” என்றேன்.

“ஜூலையில இது பாதி தூக்குச்சு. அப்பவே உங்க மகன்கிட்ட சொன்னேன், நரம்பு நசுங்குது, கால் பலம் போகுது, சீக்கிரம் எடுக்கணும்னு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், மனசு ஒடஞ்சு போவாருன்னு சொன்னாரு. நெறைய வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க. நானும் பழகிட்டேன். அது என் தப்புதான். கால் உங்களுது, உங்ககிட்டதான் சொல்லியிருக்கணும்.” பிறகு, அதே குரலில், “நீங்க ஏன் எங்கிட்ட சொல்லலய்யா?” என்றார்.

ஒரு டாக்டர் என்னிடம் தப்பு என்று ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்து சண்டை போடத் தயாராக வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது.

“சொன்னா மேசைய எடுத்துருவாங்க” என்றேன்.

“யாரு?”

வெளியே பெஞ்சைக் காட்டினேன்.

“திரும்பி வருமா?” என்று கேட்டேன்.

“தெரியாது. கால் வலி போயிரும், அதுல எனக்கு நம்பிக்கை இருக்கு. மரத்துப்போனது மெதுவாக் கொறையும். பலம்தான் கடைசியா வரும். முழுசா வராமலும் போகும். இன்னும் தள்ளுனா இருக்கதும் போயிரும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால், எந்த வரியில் எது திருத்தப்பட்டது என்று பக்கத்தின் அடியில் எழுதி, எழுதிக்கொடுப்பவர் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி வரியை அடித்தேன். அடியில் எழுதினேன்: ‘வில்லங்கம் இல்லை என்பது அடிக்கப்பட்டது. இடது காலின் பெருவிரலும் முன்பாதமும் தூக்க முடியவில்லை. ஜனவரி முதல். தெரிந்தே மறைத்தேன்.’ கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்கு அடியில் கோடும் கிடையாது, புள்ளியும் கிடையாது.

டாக்டர் படித்தேன் என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு ஆஸ்பத்திரிப் படிவத்தை எடுத்து நான்கு பக்கத்தையும் வரிவரியாகத் தமிழில் சொன்னார். அதிலும் போட்டேன், நோயாளி கோட்டில். திங்கட்கிழமை என்று நாள் குறித்தார். வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று எழுதக் கூடாது என்றார் நர்ஸ். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேற்று தியேட்டரில் நடந்ததை நடந்தபடி.

குப்புறப் படுக்க வைத்தார்கள். வயிற்றுக்கு அடியில் இரண்டு பக்கமும் தலையணை, வயிறு தொங்கிக்கொண்டிருந்தது. மரக்க வைக்கும் ஊசிதான் உள்ளதிலேயே பெரிய வலி. ஆக ஊசி என்று குமார் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது. பிறகு யாரோ கட்டைவிரலால் இடுப்பை அமுக்குவது போல. தலைக்கு மேலே ஒரு எக்ஸ்ரே வளையம் டக் டக் என்று படமெடுத்தது. உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே வேலை பார்க்கிறார்கள். காதில் குழாயடிச் சத்தம்.

“எங்க இருக்கீங்க இப்ப?” என்று கேட்டேன்.

“நாலாவது எலும்பத் தாண்டிட்டோம்.”

“எல்லைக்குள்ளதான?”

“எல்லைக்குள்ளதான்யா. பேசாதீங்க, முதுகு ஆடுது.”

திடீரென்று இடது காலில் ஒரு மின்னல். கத்தினேன். கெட்ட வார்த்தை ஒன்று வந்தது, யாரைச் சொன்னேன் என்று தெரியவில்லை. “அதான் நரம்பு. நல்லாச் சொன்னீங்க” என்றார். ஐந்து நிமிடம் கழித்து, ஒரு வருடமாகக் காலுக்குள் இருந்த அந்தக் கம்பியை யாரோ வெளியே உருவிவிட்டார்கள். வலி போவதற்குச் சத்தம் கிடையாது. நான் அழுதேன் என்று நர்ஸ் சொல்கிறார். தூக்க மருந்தின் வேலை அது.

எடுத்ததைச் சின்னக் குப்பியில் காட்டினார்கள். தேங்காய் வழுக்கை மாதிரி நாலு துண்டு. இதற்காகவா இவ்வளவும்.

ஐந்து மணிக்கு எழுந்து நின்றேன். ஒரே ஒரு தையல். நடந்தேன். வலி இல்லை. கால் பட்டென்றது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. நின்றுகொண்டே கொழுக்கட்டை சாப்பிட்டேன். உட்கார்ந்து இருபது நிமிடம் ஆனால் உலகம்மாளின் போன் கூவுகிறது. நான் எழுந்திருக்கும் வரை அவள் அதை நிறுத்துவதில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் முப்பது முறை, மாலையில் முப்பது முறை விரலைத் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்த பிசியோ தம்பி போனில் கேட்டார், எப்படி இருக்கு என்று. பரவாயில்லை என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

பிசியோ தம்பியிடம் மறுபடியும் பரவாயில்லை என்றேன். உலகம்மாள் போனை என் கையிலிருந்து வாங்கி, “ஒண்ணும் அசையல தம்பி” என்று சொல்லி வைத்துவிட்டாள். என் கால் தடுக்கக் கூடாது என்றுதான் மிதியடிகள் மறைந்தன என்று எனக்கு அப்போது விளங்கியது. அவளுக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

“பொங்கலுக்கு மறுநா. சத்தம் கேக்கும்லா” என்றாள்.

செப்டம்பர் 8, திங்கள்

தையல் பிரித்தார்கள். காயம் ஒரு கொசுக்கடி அளவு. கால் பலத்துக்கு ஐந்து வரை மதிப்பெண்ணாம். ஜூலையில் எனக்கு மூன்று. சிகிச்சை நாளன்று இரண்டு. இன்று இரண்டு.

“ஆகஸ்ட் ஆறாந்தேதியே செஞ்சிருந்தா?” என்று டாக்டரிடம் கேட்டேன்.

“தெரியாதுய்யா. ஆறு மாசம் பாப்போம். வாய்ப்பு இருக்கு.”

குமார் எங்கள் இருவரையும் காரில் ஊருக்குக் கூட்டி வந்தான், கார் நெல்லையைத் தாண்டியது. பிறகு குமார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “அன்னைக்கு நான் உண்மையச் சொல்லியிருந்தா செஞ்சிருப்பியளாப்பா?” என்றான்.

“மாட்டேன்.”

“பின்ன?”

“பின்ன என்ன? அப்ப அது எம் முட்டாத்தனமா இருந்திருக்கும். இப்ப நம்ம ரெண்டு பேருதும் ஆயிட்டுது.”

வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் முதுகில் கை வைத்தேன். இருபது நிமிடம் ஆகியிருந்தது. எப்படியும் இறங்கி நடக்க வேண்டிய நேரம். நாங்கள் மூன்று பேரும் ரோட்டோரம் கொஞ்ச தூரம் நடந்தோம். கால் பட்டென்றது. யாரும் கேட்காத மாதிரி நடிக்கவில்லை.

ஆகவே, இனிமேல் செய்ய வேண்டியது, செய்ய வேண்டியவர்கள்:

ஆஸ்பத்திரி நிர்வாகம், அந்த நான்கு பக்கத்தையும் தமிழில் அச்சடிக்க வேண்டும். புத்தி தெளிவாக இருக்கும் ஆளுக்குப் பாதுகாவலர் கோட்டை மறைத்துவிட்டுப் படிவத்தை நீட்ட வேண்டும்.

டாக்டர் எப்சிபா, கூட வந்தவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நோயாளியை உள்ளே கூப்பிட வேண்டும். செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். போய்ப் பார்ப்பேன்.

திருமலைக்குமார், எதுவானாலும் என்னிடம் நேராகச் சொல்ல வேண்டும். நான் கத்துவேன். கத்தி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்து, மறுபடியும் சொல்ல வேண்டும். மாடி அறைக்கு வாடகைக்கு ஆள் பார்க்கலாம்.

மைதீன் பிச்சை, அக்டோபர் ஆறாம் தேதி வரை என் மேசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படித்துக் காட்டாமல் ஒரு பத்திரமும் போகக் கூடாது. இழுப்பறையைத் திறக்கக் கூடாது.

உலகம்மாள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உட்கார வேண்டும்.

நான், காலையில் முப்பது, மாலையில் முப்பது. தூக்கினால் தூக்கியது என்றும் தூக்காவிட்டால் தூக்கவில்லை என்றும் தினமும் இந்த நோட்டில் எழுதி, கேட்பவர்களிடம் அதையே சொல்ல வேண்டும்.

இன்று காலை முப்பது. மாலை முப்பது. தூக்கவில்லை.